பணம் கட்டும் முன் படிக்க வேண்டிய பக்கம்
ஆன்லைனில் கம்ப்யூட்டர் வாங்கும்போது ‘திருப்பித் தரும் விதி’யைத் தெரிந்துகொள்வோம்



நம் குழுக்களில் உள்கடன் கேட்கும் காரணங்கள் மாறிக்கொண்டே வருகின்றன. முன்பெல்லாம் கறவை மாடு, ஆடு, ஆஸ்பத்திரிச் செலவு, காதுகுத்து என்றுதான் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். இப்போது “மகள் காலேஜ் படிப்புக்கு லேப்டாப்” என்ற வரியும் வருகிறது. சில உறுப்பினர்கள் ஜெராக்ஸ் கடை வைக்கவும், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரவும் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். சில கூட்டமைப்புகளில் கணக்கு எழுதவே ஒன்று வாங்கலாமா என்று பேச்சு நடக்கிறது. எல்லாம் நல்ல விஷயம்தான்.

வாங்குவது எங்கே? பெரும்பாலும் பிள்ளைகள் கையில் உள்ள போனில். “அம்மா, டவுன் கடையைவிட நாலாயிரம் கம்மி, இன்னைக்கு ராத்திரி வரைக்கும்தான் ஆஃபர்” என்று பிள்ளை சொல்ல, நாம் சரி என்று தலையாட்ட, பணம் போய்விடுகிறது. விலையைப் பார்க்கிறோம், படத்தைப் பார்க்கிறோம். விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிற ஒரு வரியை மட்டும் பார்ப்பதில்லை. அந்த வரியைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

சந்தையில் மாடு வாங்கப் போனால் நாம் என்னென்ன பார்க்கிறோம்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். சுழி பார்க்கிறோம். நடக்க விட்டுப் பார்க்கிறோம். கறந்து காட்டச் சொல்கிறோம். அப்புறம்தான் துண்டுக்குள் கை போகிறது. போனில் வாங்கும் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. பணம் கட்டி, பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்க முடியும். அப்படிப் பார்த்து, சரியில்லை என்றால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், பணம் வருமா வேறு பொருள் வருமா என்று விற்பவர் முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் ‘ரிட்டர்ன் பாலிசி’. தமிழில் திருப்பித் தரும் விதி என்று சொல்லிக்கொள்வோம்.

சேலைக்கு ஒரு விதி, கம்ப்யூட்டருக்கு ஒரு விதி

ஆன்லைனில் சேலையோ சுடிதாரோ வாங்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கலர் பிடிக்கவில்லை என்றால் போனில் ஒரு பட்டனை அழுத்தினோம், ஆள் வந்து எடுத்துப் போனார், பணம் திரும்பி வந்தது. அதே மாதிரிதான் லேப்டாப்பும் என்று நினைத்துவிடுகிறோம். அங்கேதான் சிக்கல். ஒரே தளத்தில், ஒரே போனில் வாங்கினாலும் பொருளுக்குப் பொருள் விதி வேறு. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை, “பிடிக்கவில்லை” என்ற காரணத்துக்குத் திருப்பி எடுப்பது நம் நாட்டில் அரிது. பழுது இருந்தால்தான் பேச்சே.

ஐரோப்பிய நாடுகளில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று சட்டமே இருக்கிறது. பிள்ளைகள் யூடியூபில் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று சொல்வதுண்டு. இந்தியாவில் மனசு மாறியதற்காகத் திருப்பித் தரும் உரிமையைச் சட்டம் பொதுவாகக் கொடுக்கவில்லை. விற்பவர் தானாக ஒத்துக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஒரே சொல், மூன்று அர்த்தம்

விலைக்குக் கீழே “7 நாள்” என்று போட்டிருக்கும். அந்த ஏழு நாளோடு ஒட்டியிருக்கும் சொல்லைப் பாருங்கள். மூன்று விதமாக இருக்கலாம்.

முதலாவது, ‘ரிட்டர்ன்’ அல்லது ‘ரீஃபண்ட்’. பொருளை எடுத்துக்கொண்டு பணத்தைத் தருவார்கள். நமக்கு மிகவும் நல்லது இதுதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு இது கிடைப்பது குறைவு.

இரண்டாவது, ‘ரீப்ளேஸ்மெண்ட் மட்டும்’. பழுது என்று உறுதியானால் அதே மாடல் வேறு ஒன்றைத் தருவார்கள். பணம் இல்லை. அதே மாடல் கையிருப்பில் இல்லாவிட்டால் மட்டும் பணம் தரும் விதி சில இடங்களில் உண்டு.

மூன்றாவதுதான் நாம் கவனிக்காமல் விட்டுவிடுவது: ‘சர்வீஸ் சென்டர் ரீப்ளேஸ்மெண்ட்’. அதாவது, விற்ற தளம் நேரடியாக எதுவும் செய்யாது. லேப்டாப் கம்பெனியின் சர்வீஸ் சென்டரை நாம் கூப்பிட வேண்டும். அவர்கள் ஆள் பார்த்து, “வந்தபோதே பழுது” என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்தச் சான்றை ‘டிஓஏ’ சான்று என்பார்கள். வந்து சேர்ந்தபோதே உயிர் இல்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. இந்தச் சான்று வந்த பிறகுதான் மாற்றித் தருவது பற்றிப் பேச முடியும்.

இந்த மூன்றாவது வகையில் நம்மைப் போன்ற கிராமத்துக்காரர்களுக்கு என்ன கஷ்டம் என்று கொஞ்சம் யோசியுங்கள். சர்வீஸ் சென்டர் மாவட்டத் தலைநகரில் இருக்கும். சில கம்பெனிகளுக்கு அங்கேயும் இருக்காது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. “இன்ஜினியர் நாளைக்குத்தான் வருவார், வச்சிட்டுப் போங்க” என்பார்கள். இன்னொரு நாள். இதற்குள் ஏழில் நாலு நாள் ஓடியிருக்கும். ஆகவே இந்தச் சொல்லைப் பார்த்தவுடன் முதல் வேலையாக, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் நமக்குக் கிட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கம்பெனியின் சொந்த வலைத்தளத்தில் தேடிப் பாருங்கள். எட்டாத தூரம் என்றால் அந்த மாடலை விட்டுவிடலாம். ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து, பக்கத்தில் சர்வீஸ் உள்ள வேறு கம்பெனி லேப்டாப்பை வாங்குவது எவ்வளவோ மேல்.

வாரண்டி வேறு, திருப்பித் தருவது வேறு. இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். “ஒரு வருஷம் வாரண்டி இருக்கே, என்ன பயம்?” என்பார்கள். வாரண்டியில் புதுசு தர மாட்டார்கள், இருப்பதைச் சரி செய்துதான் தருவார்கள். வீட்டுக்கே வந்து பார்ப்பதா, நாம் கொண்டுபோய்க் கொடுப்பதா என்பதும் வாரண்டியில் எழுதியிருக்கும். முதலாவதற்கு ‘ஆன்சைட்’, இரண்டாவதற்கு ‘கேரி இன்’ என்று பெயர். கீழே போட்டு உடைந்தது, காபி கொட்டியது எல்லாம் சாதாரண வாரண்டியில் சேராது.

“பழுது” என்று எதைச் சொல்ல முடியாது?

சில விஷயங்கள் நமக்குப் பழுது மாதிரித் தெரியும், விற்பவருக்குப் பழுது இல்லை. உதாரணமாக, விலை குறைந்த சில லேப்டாப்புகளில் விண்டோஸ் போட்டிருக்க மாட்டார்கள். ‘டாஸ்’ என்று விவரத்தில் எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துதான் வரும். “ஓடவே இல்லை” என்று புகார் சொன்னால், “விவரத்தில் போட்டிருக்கோமே” என்று சொல்லிடுவாங்க. விண்டோஸுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டி வரும். அதே மாதிரி ‘குரோம்புக்’ என்று ஒரு வகை இருக்கிறது. விலை மலிவு, படிக்கிற பிள்ளைக்குச் சில நேரம் போதும். ஆனால் கணக்கு எழுத விண்டோஸில் போடுகிற டேலியை அதில் நேராகப் போட முடியாது. இதெல்லாம் தெரியாமல் வாங்கினால் திருப்பித் தரக் காரணம் கிடைக்காது.

திரையில் ஒரே ஒரு புள்ளி எரியாமல் இருந்தால் அதைப் பழுதாக எடுத்துக்கொள்ளாத கம்பெனிகளும் உண்டு. இத்தனை புள்ளிக்கு மேல் இருந்தால்தான் மாற்றுவோம் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு.

‘ரெஃபர்பிஷ்டு’, ‘ரினியூட்’ என்று போட்டிருந்தால் அது ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியோ திருப்பிக் கொடுத்தோ, சரி செய்து விற்கும் பொருள். வாங்கவே கூடாது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அதற்கு வாரண்டி தருபவர் கம்பெனியா விற்பவரா, எத்தனை மாதம் என்று பார்த்தே ஆக வேண்டும். புது லேப்டாப்பின் விதி அதற்குப் பொருந்தாது.

விற்பவர் யார்?

பெரிய தளத்தின் பெயரைப் பார்த்து நம்பி வாங்குகிறோம். ஆனால் பெரும்பாலும் அந்தத் தளம் சந்தை மாதிரிதான். சந்தையில் கடை போட்டிருப்பவர் வேறு ஒருவர். ஒரே லேப்டாப்பை நாலு பேர் நாலு விலைக்கு விற்பார்கள். விலைக்கு அருகில் “விற்பவர்” என்று ஒரு பெயர் இருக்கும். அதைத் தொட்டால் அவரைப் பற்றிய விவரம் வரும். விற்பவரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண், திருப்பித் தரும் விதி, பணம் திரும்பத் தரும் விதி, வாரண்டி, இவற்றையெல்லாம் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் இருக்கிறது. விவரம் எதுவும் காட்டாத விற்பவரிடம் முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுப்பது வேண்டாம் சகோதரிகளே.

இன்னொன்று. நம் ஊர் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். பார்சல் கொண்டுவந்து தருவார்கள், ஆனால் திருப்பி எடுக்க ஆள் வர மாட்டார்கள் என்ற நிலை சில ஊர்களில் உண்டு. அப்போது நாமே பெட்டியைக் கட்டி தபாலிலோ கூரியரிலோ அனுப்ப வேண்டும். அனுப்பும் செலவைக் குறிப்பிட்ட தொகை வரைதான் தருவார்கள். லேப்டாப்பைப் பத்திரமாகக் கட்டி அனுப்புவது லேசான வேலை இல்லை.

“இன்னும் 1 தான் பாக்கி”, “20 நிமிஷத்தில் ஆஃபர் முடிகிறது” என்று ஓடும் கடிகாரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது போன்ற 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது. தடை இருந்தாலும் தந்திரம் நின்றபாடில்லை. கூடுதல் வாரண்டி, இன்சூரன்ஸ் என்று நாம் கேட்காமலே டிக் அடித்து வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஆர்டர் யார் பெயரில், பணம் யார் கணக்கில்?

இந்தப் பகுதியை மட்டுமாவது குழுக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறோம். ஏனென்றால் இதில் பணம் மட்டுமல்ல, குழுவின் ஒற்றுமையும் இருக்கிறது.

குழுவின் சேமிப்புக் கணக்கு இரண்டு மூன்று பேர் கையெழுத்துப் போட்டு எடுக்கும் கணக்கு. ஆன்லைனில் வாங்க அது தோதுப்படாது. அதனால் என்ன செய்கிறோம்? பணத்தை எடுத்து ஊக்குநரின் தம்பியிடமோ பக்கத்து வீட்டுப் பையனிடமோ கொடுத்து, “நீயே போட்டுவிடு தம்பி” என்கிறோம். அவன் தன் போனில், தன் யுபிஐ-யில், தன் பெயரில் ஆர்டர் போடுகிறான். நல்லபடியாக லேப்டாப் வந்தால் பிரச்சினை இல்லை. திருப்பித் தர நேர்ந்தால்? பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்குத்தான் திரும்பும். ஓடிபி அவன் போனுக்குத்தான் வரும். பில் அவன் பெயரில்தான் இருக்கும். நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டுமென்றாலும் முதலில் அவனைத்தான் கேட்பார்கள். அவன் நல்ல பையனாகவே இருக்கலாம். ஆனால் வேலைக்குத் திருப்பூர் போய்விட்டால், போன் நம்பரை மாற்றிவிட்டால், அவன் கணக்கில் வந்த பணத்தை வங்கி அவனுடைய வேறு கடனுக்குப் பிடித்துக்கொண்டால் நாம் யாரிடம் கேட்பது?

அதனால் ஆர்டர் போடும் முன்பே தீர்மானம் எழுதுங்கள். எந்த மாடல், என்ன விலை, யார் போனில் ஆர்டர், எந்தக் கணக்கிலிருந்து பணம், திருப்பி வந்தால் எத்தனை நாளுக்குள் குழுவில் கட்ட வேண்டும் என்று எழுதி, அந்தப் பையனின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். நம்பிக்கை இல்லாததால் அல்ல, நாளைக்கு மனஸ்தாபம் வரக் கூடாது என்பதற்காக. முடிந்தால் உறுப்பினரின் சொந்தக் கணக்கிலிருந்தே பணம் போகட்டும். பில்லும் அவர் பெயரிலேயே வரட்டும்.

பொருள் கைக்கு வந்தபின் ரொக்கம் கொடுக்கும் முறையில் வாங்கினால், திருப்பித் தரும்போது ரொக்கம் கையில் கிடைக்காது. வங்கிக் கணக்கு எண் கேட்டு அதில் போடுவார்கள். அல்லது அந்தத் தளத்திலேயே செலவு செய்யும்படி வரவு வைப்பார்கள். வங்கிக் கணக்கு என்பதையே தேர்ந்தெடுங்கள்.

தவணையில் வாங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று நாமாகத் தவணையை நிறுத்திவிடக் கூடாது. விற்பவர் பணத்தைத் திருப்பித் தந்து, பைனான்ஸ் கம்பெனி “கடன் ரத்து” என்று எழுத்தில் சொல்லும் வரை கடன் நம் பெயரில்தான். நடுவில் ஒரு தவணை பவுன்ஸ் ஆனால் அபராதம் ஒரு பக்கம், சிபில் மதிப்பெண் குறைவது இன்னொரு பக்கம். நாளைக்கு வங்கியில் கடன் கேட்டு நிற்கும்போது அது குறுக்கே வரும். கடனுக்கு முதலில் கட்டிய கட்டணம் திரும்ப வருமா வராதா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் வராது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ரூ.36,000 லேப்டாப். கையில் ரூ.6,000. குழுவில் உள்கடன் ரூ.30,000, நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி. முதல் மாத வட்டி மட்டும் ரூ.300. 24 மாதத்தில் அடைப்பதானால் அசல் மாதம் ரூ.1,250. முதல் மாதம் கட்ட வேண்டியது ரூ.1,550. லேப்டாப் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது கட்டியாக வேண்டும். மாற்று லேப்டாப் வர ஒன்றரை மாதம் இழுத்தால், பிள்ளையின் பரீட்சையும் போய்விடும், தவணையும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆடி மாசம், நல்ல நாள், ஏழு நாள்

ஏழு நாள் என்பது எப்போதிலிருந்து? பெட்டி நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்துதான் பொதுவாகக் கணக்கு. நாம் பிரித்த நாளிலிருந்து அல்ல!

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? புதுப் பொருள் வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் வைக்கிறோம். “இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை பிரிக்கலாம்.” “ஆடி மாசம், ஆவணி பொறக்கட்டும்.” “ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சு ஆன் பண்ணிக்கலாம்.” பூஜை முடிந்து பெட்டியைத் திறந்தால் திரையில் கோடு ஓடுகிறது. போன் செய்தால் “பத்து நாள் ஆயிடுச்சு மேடம், வாரண்டியில் பார்த்துக்கோங்க” என்று பதில். நல்ல நாள் பார்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. நல்ல நாள் பார்த்து ஆர்டர் போடுங்கள். வந்த பெட்டியை அன்றைக்கே பிரித்துவிடுங்கள். பூஜையை அப்புறமும் செய்யலாம்.

பெட்டி வரும் நாளில் யாராவது வீட்டில் இருக்க வேண்டும். எல்லோரும் வயலுக்குப் போயிருக்கும்போது பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால் சோதிக்க ஆள் இருக்காது. ‘ஓப்பன் பாக்ஸ் டெலிவரி’ என்று ஒரு முறை இருக்கிறது. கொண்டு வருபவரே நம் கண் முன்னால் பெட்டியைப் பிரித்துக் காட்டுவார். பார்த்துத் திருப்தியான பிறகுதான் ஓடிபி சொல்ல வேண்டும். “அக்கா, இன்னும் பத்து வீடு போகணும், சீக்கிரம் நம்பரைச் சொல்லுங்க” என்று அவசரப்படுத்துவார்கள். பாவம், அவர்களுக்கும் வேலைப் பளு. ஆனாலும் பார்க்காமல் சொல்லாதீர்கள். ஓடிபி சொல்லிவிட்டால், வேறு பொருள் வந்தது, உடைந்து வந்தது என்று பிறகு வாதாடுவது கஷ்டம்.

அப்படிப்பட்ட முறை இல்லையென்றால் நாமே வீடியோ எடுக்க வேண்டும். ஒருவர் பிரிக்க, ஒருவர் போனில் எடுக்க. முகவரி ஒட்டிய தாள் தெரிவதில் தொடங்கி, டேப் அறுப்பது, உள்ளே இருப்பது, லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் நம்பர், அது ஆன் ஆவது வரை நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரும் லேப்டாப்பில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பில்லில் போட்டிருந்தால் அதோடும் சரிபாருங்கள்.

பிறகு சோதனை. சார்ஜ் ஏறுகிறதா, ஒயரை எடுத்த பிறகும் ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லா எழுத்துக் கட்டையையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கேமரா, ஸ்பீக்கர், மைக் சோதிக்க ஒரு வீடியோ கால் போதும், உறவுக்காரரிடம் பேசின மாதிரியும் ஆச்சு. பென்டிரைவ் சொருகும் எல்லா ஓட்டையிலும் சொருகிப் பாருங்கள். செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, அதில் ‘அபௌட்’ என்று போனால் ராம் எவ்வளவு, பிராசஸர் என்ன என்று காட்டும். விளம்பரத்தில் 16 ஜிபி என்று போட்டு உள்ளே 8 இருந்தால் அதுவே திருப்பித் தரக் காரணம். இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட விடுங்கள்.

பெட்டி, தெர்மாகோல், பிளாஸ்டிக் உறை, சின்னச் சின்னக் காகிதம் எதையும் எறியாதீர்கள். அந்தப் பெட்டியில் பிள்ளைகள் பொம்மை போட்டு வைப்பதோ, நாம் வெங்காயம் கொட்டி வைப்பதோ ஒரு மாதம் கழித்து நடக்கட்டும். பெட்டி இல்லாமல் திருப்பி எடுக்க மறுப்பார்கள்.

பெண்களுக்கு ஒரு முக்கிய விஷயம். திருப்பித் தரும் காலம் முடியும் வரை குடும்பப் போட்டோ, ஆதார், வங்கிப் புத்தக நகல் எதையும் அந்த லேப்டாப்பில் ஏற்றாதீர்கள். ஆன் ஆகாத லேப்டாப்பைத் திருப்பி அனுப்பும்போது உள்ளே இருப்பதை நம்மால் அழிக்க முடியாது. ஓடுகிற நிலையில் திருப்பித் தந்தால், மெயிலிலிருந்து வெளியே வந்து, ‘ரீசெட்’ செய்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

சட்டம் நம் பக்கம் எவ்வளவு தூரம்?

கம்பெனி எழுதி வைத்த ஏழு நாள் கம்பெனியின் விதி. அதற்கு மேல் நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பழுதான பொருளைத் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று அது சொல்கிறது. பில்லில் எழுதியுள்ள காலத்துக்குள், அப்படி எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள் என்று கணக்கு. மின்வணிக விதிகளும் இதையே சொல்கின்றன. பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தால், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டால், சொன்ன தேதியைத் தாண்டி வந்தால், விற்பவர் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. எனவே “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது.

சட்டம் இருக்கிறதே, பிறகு ஏன் சின்ன எழுத்தைப் படிக்கணும் என்று கேட்கலாம். கம்பெனி விதிப்படி போனால் பத்து நாளில் முடிவது, சட்டப்படி போனால் பல மாதம் ஆகும். நியாயம் கிடைக்கலாம். ஆனால் பிள்ளையின் காலேஜ் வருஷம் காத்திருக்காது.

தொழிலுக்கு வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. லாபத்துக்காகப் பெரிய அளவில் வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவர் நுகர்வோர்தான். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் “உங்களுக்குச் சட்டம் பொருந்தாது” என்று யாராவது சொன்னால் மிரள வேண்டாம்.

புகார் எப்படி?

முதலில் அந்தத் தளத்திலேயே, ஏழு நாள் முடியும் முன், எழுத்தில் புகார் போடுங்கள். போனில் பேசியது சாட்சியாகாது. புகார் எண்ணையும் தேதியையும் நோட்டில் குறித்து வையுங்கள், திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாங்கிய நாளில் இருந்த விதியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் இன்னும் பலம். விதியைப் பிறகு மாற்றிவிட்டாலும் நம்மிடம் பழையது இருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

தீரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். பில் தேதி, ஆர்டர் எண், தொகை, என்ன பழுது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் கம்பெனியிடம் பேசி முடித்துவைக்க முயற்சி செய்வார்கள். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கவனம்: பணம் திரும்பப் பெற “கஸ்டமர் கேர் நம்பர்” என்று கூகுளில் தேடாதீர்கள். போலி நம்பர்கள் அங்கே ஏராளம். “ரீஃபண்ட் அனுப்புறேன், இந்த ஆப்பைப் போடுங்க, பின் நம்பரை அடிங்க” என்பான். நமக்குப் பணம் வர பின் நம்பர் எதற்கு? பின் அடித்தால் பணம் போகும், வராது. வாங்கிய தளத்தின் உள்ளே இருக்கும் உதவிப் பக்கத்தை மட்டும் பயன்படுத்துங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

டவுன் கடையா, ஆன்லைனா?

எங்களிடம் கேட்டால், வித்தியாசம் ஆயிரம் இரண்டாயிரம்தான் என்றால் டவுன் கடையே நல்லது என்போம். ஆன் செய்து பார்த்து வாங்கலாம், பழுது என்றால் நேரே போய் நிற்கலாம். கடைக்காரரிடமும் திருப்பித் தரும் விதியைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது வேண்டாம். வித்தியாசம் ஐந்தாயிரம் ஆறாயிரம் என்றால் ஆன்லைனில் வாங்கலாம், மேலே சொன்னதையெல்லாம் பார்த்துவிட்டு.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. ஒருவருடைய போனில் ஏதாவது ஒரு லேப்டாப்பின் பக்கத்தைத் திறந்து, திருப்பித் தரும் விதி எங்கே இருக்கிறது என்று எல்லோருமாகத் தேடுங்கள். மூன்று வகையில் அது எது?

2. நம் ஊர் பின்கோடுக்குத் திருப்பி எடுக்க ஆள் வருவார்களா? மிக அருகில் உள்ள சர்வீஸ் சென்டர் எது? போய்வர பஸ் செலவு எவ்வளவு?

3. லேப்டாப்புக்கு உள்கடன் கேட்கும் உறுப்பினரிடம் என்னென்ன விவரம் கேட்டுத் தீர்மானத்தில் எழுத வேண்டும்? ஊக்குநரும் பிரதிநிதியும் ஒரு மாதிரித் தீர்மானம் எழுதி அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.